கம்பி இழுக்காமல் ஒரு களஞ்சியம்

மறைந்த என் பாட்டியார் பாடிய தாலாட்டுகள், குடும்பப் படங்கள் எல்லாம் சேர்ந்து 200 ஜிகாபைட். வீட்டார் அனைவரும் எடுத்துக் கேட்க ‘நாஸ்’ எனும் சேமிப்புப் பெட்டி ஒன்று வாங்கினோம். ரூட்டரோ கூடத்தில், பெட்டிக்கு இடமோ மாடியறையில். வாடகை வீடாதலால் சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் இசையவில்லை.

இத்தகைய பெட்டிகள் பெரும்பாலானவற்றில் வைஃபை கிடையாது; ஈதர்நெட் இணைப்பு மட்டுமே உண்டு. அப்படியானால் செய்வது யாது?

வழிகள் இரண்டு. ஒன்று, வயர்லெஸ் பிரிட்ஜ். அதைப் பெட்டியருகில் வைத்து முழக் கம்பியால் இணைத்தால், ரூட்டரின் அலைகளை வாங்கிப் பெட்டிக்குத் தரும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை எளிதில் ஊடுருவும். மற்றொன்று, பவர்லைன் அடாப்டர். ரூட்டரருகில் ஒன்றும் பெட்டியருகில் ஒன்றும் சுவர் பிளக்கில் செருகினால், வீட்டு மின்கம்பியே செய்தியைச் சுமக்கும். இரண்டும் ஒரே ஃபேஸில் இருத்தல் நலம். எங்கள் மாடி வேறு ஃபேஸ். எனவே பிரிட்ஜையே தேர்ந்தோம்.

கிடைத்த வேகம் நொடிக்கு 5 மெகாபைட். அவ்வாறாயின் அனைத்தையும் ஏற்ற 11 மணி நேரம் ஆகும்! ஆதலால் பெட்டியைக் கூடத்திற்குத் தூக்கி வந்து, அதனையும் கணினியையும் ரூட்டரோடு கம்பியால் பிணைத்தேன். நொடிக்கு 100 மெகாபைட் வீதம் அரை மணிக்குச் சற்றுமேல் முடிந்தது. பிறகே மாடிக்கு ஏற்றினேன்.

நண்பர்களே, ஒன்று மறவாதீர். பெட்டியும் ஒருநாள் பழுதாகும். ஆகவே மற்றொரு பிரதியை மாமா வீட்டில் வைத்துள்ளோம். அன்றிரவு அடுக்களையில் அம்மா கைப்பேசியில் தாலாட்டைக் கேட்டார். அடுப்பில் பால் பொங்கியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.