வேன்தான் கடை, வேன்தான் முதல்: நடமாடும் வியாபாரிகள் வாகனத்தைக் காப்பது எப்படி?

புடவை, பாத்திரம், பாதணி, பிளாஸ்டிக் சாமான் என்று ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று வியாபாரம் செய்யும் எம்மவர்களை யாவரும் அறிவர். காத்தான்குடி, மாவனல்லை, அக்குறணை என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் இந்தத் தொழிலால் குடும்பத்தை நடத்துபவர்கள் இருக்கிறார்கள். திங்கட்கிழமை ஒரு சந்தை, புதன்கிழமை வேறொரு சந்தை, இடைப்பட்ட நாட்களில் தோட்டப்புறங்களும் கிராமங்களும். இரவானால் பலர் வேனின் பின்பக்கத்தில் சாமான்களை ஒதுக்கிவிட்டுப் பாயை விரித்து அங்கேயே தூங்கிவிடுகிறார்கள். அவர்களுக்குக் கடை, களஞ்சியம், படுக்கையறை எல்லாமே அந்த வேன்தான்.

இப்படியானவர் ஒரு நாள் தெரிந்த வீடொன்றின் முன்னால் வேனை நிறுத்திவிட்டு உள்ளே தூங்குகிறார். சுபஹுக்கு எழும்பி வந்து பார்க்கிறார். வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டுமே இருக்கிறது. அவர் இழந்தது ஒரு வாகனத்தை மட்டும்தானா?

கணக்கைப் பாருங்கள்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வேனின் இன்றைய சந்தைப் பெறுமதி 60 இலட்சம் ரூபா. ஆனால், சில வருடங்களுக்கு முன்னர் காப்புறுதி செய்தபோது எழுதிய 45 இலட்சத்தையே வருடா வருடம் புதுப்பித்து வந்திருக்கிறார். லீசிங் கடனில் இன்னும் 30 இலட்சம் பாக்கி. உள்ளே, புறக்கோட்டையில் மொத்த வியாபாரியிடம் கடனுக்கு எடுத்த 8 இலட்சம் ரூபா சரக்கு.

காப்புறுதி நிறுவனம் எந்தத் தடையும் சொல்லாமல் முழுத் தொகையையும் தருவதாகவே வைத்துக்கொள்வோம். எழுதிய தொகைக்கு மேல் அது தராது. எனவே கிடைப்பது 45 இலட்சம். அதில் 30 இலட்சம் முதலில் லீசிங் கம்பனிக்குப் போகும். மிஞ்சுவது 15 இலட்சம். வாகனக் காப்புறுதி பொதுவாக உள்ளே இருக்கும் வியாபாரச் சரக்கைக் கவனத்திற் கொள்வதில்லை. ஆகவே மொத்த வியாபாரியின் 8 இலட்சத்தையும் இதிலிருந்தே கொடுக்க வேண்டும். கையில் இருப்பது 7 இலட்சம். வாங்க வேண்டிய வேனோ 60 இலட்சம்.

காப்புறுதி இருந்தும் நிலை இதுதான். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் அந்த 45 இலட்சமும் இல்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. அது எமது வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. களவு போன வேனுக்கு அதிலிருந்து ஒரு சதமும் வராது. வேன் இல்லாமற் போனாலும் லீசிங் தவணை மட்டும் மாதா மாதம் வந்து நிற்கும்.

எனவேதான், இந்த விடயத்தில் முதற்காவல் வேனைத் திருட விடாமல் பார்த்துக்கொள்வது. காப்புறுதி அதற்குப் பின்னால் வரும் இரண்டாவது காவல். இரண்டும் வேண்டும்.

ஒரு பூட்டை நம்பாதீர்கள்

மேலை நாடுகளில் கட்டில், சமையலடுப்பு, குளியலறை எல்லாம் பொருத்திய வேனில் குடும்பத்தோடு சுற்றுலா செல்லும் வழக்கம் உண்டு. மோட்டர்ஹோம் என்று அதனை அழைப்பார்கள். ஐரோப்பாவில் இவற்றுள் பெரும் பகுதி பியட் டுகாட்டோ என்ற சாதாரண சரக்கு வேனின் மீது கட்டப்படுபவை. ஒரு வீட்டின் பெறுமதி இருந்தும், அதன் கதவுப் பூட்டு சரக்கு வேனின் பூட்டுத்தான். இதை உணர்ந்தவர்கள் ஒரு பூட்டோடு நிறுத்துவதில்லை. ஸ்டியரிங்குக்கு ஒன்று, சில்லுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, மறைவாக ஒரு ஜிபிஎஸ் கருவி என்று அடுக்கடுக்காக வைக்கிறார்கள்.

இதன் காரணம் எளிது. திறக்கவே முடியாத பூட்டு உலகில் இல்லை. ஆனால், திருடனுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஒவ்வொரு தடையும் அந்த நிமிடங்களைத் தின்கிறது, சத்தத்தைக் கூட்டுகிறது. தடை அதிகமென்று கண்டால் அவன் அடுத்த வாகனத்தைத் தேடிப் போய்விடுகிறான்.

எமது நாட்டில் ஓடும் பழைய டொல்பின், டவுன்ஏஸ், கரவன் வேன்களில் பலவற்றுக்குச் சாதாரண உலோகத் திறப்பு மட்டுமே. திறப்பிலுள்ள சிறு சில்லை அடையாளங்கண்டால் மட்டுமே எஞ்சினை இயங்கவிடும் இமொபிலைசர் அமைப்பு அவற்றில் இல்லை. பிரிட்டனில் 1998 ஒக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இதனைக் கட்டாயமாக்கினார்கள். பழைய வேன் வைத்திருப்பவர் அந்தக் குறையை வேறு வழிகளில் ஈடுசெய்ய வேண்டும்.

முதலாவது, கண்ணுக்குத் தெரியும் பூட்டு. ஸ்டியரிங் பூட்டு, கியர் பூட்டு, சில்லுப் பூட்டு ஆகியவற்றில் குறைந்தது ஒன்றையாவது பாவியுங்கள். கண்ணாடிக்கூடாக எட்டிப் பார்ப்பவனுக்கு அது தெரிய வேண்டும். மலிவான பூட்டின் இரும்பு சிறு வாளுக்கே அறுந்துவிடும். ஆகவே பாரமானதாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பூட்டை சீற்றுக்கு அடியில் போட்டுவைப்பதால் எந்தப் பயனுமில்லை. பத்து நிமிடம் நிறுத்தினாலும் போட வேண்டும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத சுவிட்ச். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெற்றோல் எஞ்சினுக்குப் பற்றவைக்கும் மின்சாரத்தைத் தடுத்தால் போதும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஒரு முறை இயங்கத் தொடங்கினால் டீசல் வந்துகொண்டிருக்கும் வரை ஓடும். பல டீசல் வேன்களில் பம்புக்குள் டீசலைத் திறந்து மூடும் சொலினொயிட் என்ற மின் அடைப்பான் இருக்கிறது. ஸ்டார்டருக்கு மட்டும் சுவிட்ச் வைத்தால் வேனைத் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாம். ஸ்டார்டர், சொலினொயிட் இரண்டையும் தடுக்கும் வகையில் நம்பிக்கையான வயரிங் பாஸ் ஒருவரிடம் செய்துகொள்ளுங்கள். வழமையான இடமான டேஷ்போர்டுக்குக் கீழே சுவிட்சை வைக்காதீர்கள். திருடனும் முதலில் அங்கேதான் கைவைப்பான். தரக்குறைவான வயரிங்கால் தீப்பற்றவும் கூடும் என்பதால் வேலையைச் சரியாகச் செய்வித்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்துவிடுங்கள்.

மூன்றாவது, ஜிபிஎஸ். இது செய்மதிகளிலிருந்து வாகனம் நிற்கும் இடத்தைக் கணித்து, உள்ளே இருக்கும் சிம் அட்டையின் மூலம் உங்கள் கைத்தொலைபேசிக்கு அனுப்புகிறது. ஆகவே சிம்மில் பணம் முடிந்தால் கருவியும் ஊமையாகிவிடும். வேனின் பற்றரியைக் கழற்றினாலும் சிறிது நேரம் இயங்கக்கூடிய உள் பற்றரி கொண்ட கருவியைத் தெரிவுசெய்யுங்கள். உலோகத் தகட்டுக்கு அடியில் வைத்தால் சமிக்ஞை கிடைக்காது, பிளாஸ்டிக் பகுதிக்குப் பின்னால் மறைத்து வையுங்கள். மாதத்துக்கு ஒரு முறையாவது வேலை செய்கிறதா என்று பாருங்கள். சில கருவிகளால் தூரத்திலிருந்தே எஞ்சினை நிறுத்தலாம். ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் வேனின் எஞ்சினைத் திடீரென நிறுத்தினால் பிரேக்கும் பவர் ஸ்டியரிங்கும் கடினமாகிப் பாதையில் போகும் அப்பாவிகளின் உயிருக்கு ஆபத்து ஏற்படலாம். அதனை வேன் நிற்கும்போது மட்டுமே செய்ய வேண்டும்.

புதிய வேன் என்றால் கவலையில்லை என்றும் எண்ண வேண்டாம். திறப்பைப் பையிலேயே வைத்துக்கொண்டு கதவைத் திறக்கும் வாகனங்களில், வீட்டுக்குள் இருக்கும் திறப்பின் அலையைக் கருவியால் பிடித்து வாகனத்தடிக்கு எடுத்துச் சென்று திறக்கும் களவு வெளிநாடுகளில் பரவியிருக்கிறது. அப்படியான திறப்பை இரவில் நன்கு மூடக்கூடிய தகர டப்பாவுக்குள் வைப்பது செலவில்லாத பாதுகாப்பு.

பழக்கத்தில் இருக்கும் ஓட்டைகள்

பூட்டு எத்தனை இருந்தாலும் எமது பழக்கவழக்கம் அவற்றைப் பயனற்றதாக்கிவிடுகிறது. கடைவாசலில் எஞ்சினை ஓடவிட்டு, "இதோ வந்திட்டன்" என்று சரக்கை இறக்கப் போவது சாதாரணமாகிவிட்டது. சேர்விஸ் நிலையத்திலும் கராஜிலும் முழுத் திறப்புக் கோர்வையையும் கொடுத்துவிட்டு வருகிறோம். வாகனத் திறப்பை மட்டும் தனியாகக் கழற்றிக் கொடுங்கள். வேலைக்கு நின்ற பையன் விலகிச் சென்றால், அவன் நல்லவனாகவே இருந்தாலும், மறைவான சுவிட்சின் இடத்தை மாற்றிவிடுங்கள். இது சந்தேகமல்ல, ஒழுங்கு.

நிறுத்தும் இடத்தையும் கவனியுங்கள். வெளிச்சமுள்ள, ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், கதவு சுவரோடு ஒட்டியிருக்கும்படி நிறுத்தினால் சரக்குக்கும் பாதுகாப்பு. சந்தைக்குச் சந்தை அதே இடத்தில், அதே நேரத்தில் நிறுத்துபவரை நோட்டமிடுவது எளிது. பெருநாள் சீசனில் வேன் நிறையச் சரக்கும் பை நிறையக் காசும் இருக்கும் என்பது திருடனுக்கும் தெரியும். அன்றாட விற்பனைப் பணத்தை வேனில் வைத்திருக்காமல் வழியிலுள்ள வங்கியில் வைப்பிலிடுங்கள். உள்ளே தூங்குபவர்கள் எல்லாக் கதவுகளையும் உட்புறமாகப் பூட்டி, திறப்பைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். யாராவது உடைத்து வந்தால் ஹோர்னை அடித்துச் சத்தம் எழுப்புங்கள், சண்டைக்குப் போகாதீர்கள். வேனை மீண்டும் வாங்கலாம்.

காகிதங்களும் ஒரு பூட்டுத்தான்

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை பெரிதும் ஏறியது. ஆனால், காப்புறுதிப் பத்திரத்தில் பழைய பெறுமதியையே வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அன்றைய சந்தை விலையைக் கேட்டறிந்து எழுதுங்கள். கட்டுப்பணம் சற்றுக் கூடும். மேலே பார்த்த கணக்கில் குறைந்த 15 இலட்சத்தோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேனை வியாபாரத்துக்குப் பாவிப்பதை மறைத்து, தனிப்பட்ட பாவனை என்று எழுதிக் கட்டுப்பணத்தைக் குறைப்பவர்கள் உண்டு. உண்மையை மறைத்துச் செய்த ஒப்பந்தத்தின் மீது நட்டஈடு கேட்கும்போது நிறுவனம் மறுக்க இடமிருக்கிறது. தகாபுல் முறையில் எடுத்தவருக்கும் இந்த உண்மை கூறும் கடமை உண்டு. திறப்பை வண்டியிலேயே விட்டுச் சென்றதால் போன வாகனத்துக்கும் இதே சிக்கல் வரலாம். வேனை வாடகைக்கு எடுத்துச் சென்றவர் திருப்பித் தராவிட்டால் அது களவல்ல, நம்பிக்கை மோசடி என்று கூறி நட்டஈடு தராத ஒப்பந்தங்களும் பல. கையொப்பமிடும் முன் இந்த மூன்று விடயங்களையும் கேளுங்கள். சரக்குக்குத் தனிக் காப்புறுதி எடுக்க முடியுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

"ஓப்பன் பேப்பர்" விடயம் அதைவிடப் பாரதூரமானது. வாகனத்தை வாங்கி வருடக்கணக்காகியும் பெயர் மாற்றாமல் பழைய உரிமையாளரின் பெயரிலேயே ஓட்டுகிறோம். களவு போனால் பொலிஸிலும் காப்புறுதியிலும் "இது உங்களுடைய வாகனம் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்ற கேள்வி வரும். பழைய உரிமையாளர் வெளிநாடு போயிருந்தால், அல்லது மௌத்தாகியிருந்தால் யாரிடம் போவது? பெயர் மாற்றத்துக்குச் செலவாகும் பணத்தை மிச்சப்படுத்தப் போய் முழு வேனையும் இழக்க வேண்டாம்.

களவு போய்விட்டால்

முதல் மணித்தியாலம் மிக முக்கியமானது. 119 இலக்கத்துக்கு அழைத்துவிட்டு, அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். அங்கே கேட்கப்படுபவை: பதிவிலக்கம், செஸி இலக்கம், எஞ்சின் இலக்கம், நிறம், விசேட அடையாளங்கள். இவற்றையும் வேனின் நான்கு பக்கப் படங்களையும் பதிவுப் புத்தகத்தின் பிரதியையும் இன்றே கைத்தொலைபேசியிலும் வீட்டிலும் வைத்துவிடுங்கள். பதிவுப் புத்தகத்தை வேனிலேயே வைத்திருப்பது திருடனுக்கு விற்பனைப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுப்பதற்குச் சமம்.

முறைப்பாட்டின் பிரதியோடு அதே நாளில் காப்புறுதி நிறுவனம், லீசிங் கம்பனி இரண்டுக்கும் அறிவியுங்கள். வாகனம் வேறு பெயருக்கு மாற்றப்படாமல் தடுக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். ஜிபிஎஸ் இடத்தைக் காட்டினால் அதனைப் பொலிஸாரிடம் காட்டுங்கள். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு நீங்களே துரத்திப் போக வேண்டாம்.

மேலே சொன்னவற்றுள் ஸ்டியரிங் பூட்டு, மறைவான சுவிட்ச், ஜிபிஎஸ் மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு வேனின் பெறுமதியில் மிகச் சிறிய பங்குதான். மற்றவை அனைத்தும் பழக்கமும் ஒழுங்கும். அடுத்த சந்தைக்குப் புறப்படும் முன், வேனில் எத்தனை தடைகள் இருக்கின்றன, காப்புறுதிப் பத்திரத்தில் எந்தத் தொகை எழுதியிருக்கிறது, பதிவுப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்ற மூன்றையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். மூன்றுக்கும் நல்ல விடை இருந்தால், இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.