கறுத்த விரலுக்கும் சரியான அளவு காட்டுமா?

2021 இல் கொரோனா பரவியபோது, விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் சிறிய கருவிக்கு எங்கும் கிராக்கி. விற்றவரும் வாங்கியவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இதை யாருடைய விரலில் வைத்துச் சரிபார்த்தார்கள்?

கருவி 660 நனோமீற்றர் சிவப்பு ஒளியையும் 940 நனோமீற்றர் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் அனுப்புகிறது. ஒட்சிசன் ஏறிய குருதி இவற்றை ஒருவிதமாக உறிஞ்சும், ஏறாத குருதி வேறுவிதமாக உறிஞ்சும். மறுபுறம் வந்து சேரும் ஒளியை வைத்துக் கணக்கு. 1970களில் ஜப்பானியப் பொறியியலாளர் தகுவோ அஒயாகி கண்ட வழி இது. ஆனால் தோலைக் கறுப்பாக்கும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, ஒட்சிசன் குறைந்திருந்தும் கருவி 'நலம்' என்று காட்டியது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம்.

இங்கேதான் ஒளியியல் மென்பொருள் உதவுகிறது. தோல், குருதி, எலும்பு என்று அடுக்கடுக்காக ஒரு விரலைக் கணினியில் அமைத்து, இலட்சக்கணக்கான ஒளித்துகள்களை அதற்குள் அனுப்பி, எது சிதறுகிறது, எது உறிஞ்சப்படுகிறது, எது வெளியே வருகிறது என்று எண்ணுகிறார்கள். இதற்கு மொன்டே கார்லோ முறை என்று பெயர். சூதாட்டத்துக்குப் பேர்போன ஊரின் பெயர்தான். அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். லிஹொங் வாங், ஸ்டீவன் ஜாக்ஸ் ஆகியோர் 1995 இல் வெளியிட்ட இத்தகைய நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. வில்லைகளை வடிவமைக்கும் ஸெமக்ஸ் போன்றவற்றுக்கோ உரிமக் கட்டணம் உண்டு.

உற்பத்தியாளருக்கு இலாபம் வெளிப்படை. விளக்குக்கும் உணரிக்கும் இடையிலான தூரத்தை மாற்றிப் பார்க்க ஒவ்வொரு தடவையும் புதிய அச்சு வெட்டத் தேவையில்லை. கணினியில் பிழைத்தால் நட்டம் சொற்பம். ஆனாலும் எந்தத் தோலின் கணக்கைக் கொடுத்தார்களோ அதற்குத்தான் மென்பொருள் விடை சொல்லும். கடைசியில் மனிதர்களிடம் சோதித்தே ஆகவேண்டும். அமெரிக்காவின் 2013 வழிகாட்டலில் 10 பேர் போதும். அவர்களில் குறைந்தது 2 பேர், அல்லது 15 வீதத்தினர், கறுத்த தோலினராக இருக்க வேண்டும். 2025 ஜனவரியில் வந்த வரைவு 150 பேராவது வேண்டும் என்கிறது.

முசலிக் கரையில் வெயிலில் வலை இழுப்பவரின் விரல் அந்தப் பழைய பத்துப் பேருக்குள் எவ்வளவு தூரம் அடங்கும்? எனவே கொழும்பில் மொத்தமாக எடுக்கும்போது, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவைக் கேளுங்கள். கறுத்த தோலில் சோதித்த அறிக்கை உண்டா என்றும் கேளுங்கள். பெட்டியில் சிறிய எழுத்தில் 'மருத்துவத் தேவைக்கு அல்ல' என்றிருந்தால் அது வேறு சரக்கு. அதை வாங்குபவரிடம் சொல்லித்தான் விற்க வேண்டும்.