அலைக்கு ஒரு கண்டிஷன்!

கோவளம் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது சனிக்கிழமை, பைக், ஈ.சி.ஆர்., வறுத்த மீன். (கேரளக் கோவளம் இல்லீங்க, நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம்.) தப்பில்லை. ஆனால் அந்த மீனைப் பிடித்து வருகிற குப்பத்தில் ஒரு பையன் பிளஸ் டூ வரை தாக்குப்பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

பள்ளிக்கூடச் செலவுதான் பிரச்னையா? அதிகமில்லை சார். அரசுப் பள்ளியில் புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் இலவசம், யூனிஃபார்ம் எட்டாவது வரை இலவசம். மதியச் சாப்பாடு காமராஜர் காலத்திலேயே வந்தாச்சு. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 2022-ல் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. பிறகு எங்கே இடிக்கிறது? காலண்டரில்! அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், பாதி நாள் போட் இறங்காது, வீட்டில் காசு புரளாது. அதே டிசம்பரில்தான் அரையாண்டுப் பரீட்சை. கடல் அடங்கினால் வேறு வம்பு. வலை இழுக்க ஒரு கை குறையுதே என்று எட்டாவது படிக்கிறவனைக் கூப்பிடுவார்கள். சாயந்திரம் பாக்கெட்டில் நாலு காசு. அப்புறம் அல்ஜீப்ரா ருசிக்குமா?

இதே ஊரில் ஒருவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மூர்த்தி மேகவன். மீனவர், வறுமையில் வளர்ந்தவர். அலைச்சறுக்கு (அதாங்க, சர்ஃபிங்) கற்றுக்கொண்டு, 2012-ல் தொழிலதிபர் அருண் வாசுவோடு சேர்ந்து 'கோவ்லாங் பாயின்ட்' என்று ஒரு சர்ஃபிங் பள்ளி தொடங்கினார். ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசம். ஆனால் கண்டிஷன் உண்டு. ஸ்கூலுக்குப் போகணும், சிகரெட், குடி கூடாது. என்னைக் கேட்டால் சறுக்குப் பலகையைவிட அந்தக் கண்டிஷன்தான் பெரிய உதவி. "நேத்து ஏன்டா ஸ்கூலுக்குப் போகலை?" என்று கேட்க வீட்டுக்கு வெளியே ஓர் ஆள்!

நம்ம தர்மம் வேறு ரகம். 2004 சுனாமியில் பார்த்தோமே, நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி போய், சீந்த ஆளில்லாமல் ரோட்டோரம் குவிந்து கிடந்ததை. மனசு பெரிசுதான். ஆனால் ஒரு வார மனசு.

நான் பி.காம். கணக்குப் போடாமல் இருக்க முடியாது. மாதம் 500 ரூபாய், ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஏழு வருஷம். மொத்தம் 42,000. உங்கள் பைக் விலையில் பாதிகூட வராது! நேராகக் குடும்பத்துக்குக் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடையாது. அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளை மூலம் கொடுத்தால் உண்டு, அதுவும் பழைய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக நீட்டினால் அதுவும் போச்சு.

பணத்தைப் பையன் கையில் திணிக்காதீர்கள். என்ன குறைகிறது என்று வகுப்பு டீச்சரைக் கேளுங்கள். ஒருத்தனுக்கு ட்யூஷன் வேண்டியிருக்கும், இன்னொருத்தனுக்கு மூக்குக்கண்ணாடி.

இன்னொன்று. ஜூனில் நோட்டு வாங்கித் தர எல்லோரும் வருவார்கள். நீங்கள் நவம்பரில் கொடுங்கள். போட் கரையில் கிடக்கிற மாதம் அது. அப்படியே அவன் அம்மாவுக்கு ஒரு போன்: "அரையாண்டுக்குப் படிக்கிறானாம்மா?"