மாடு ஏன் சினை பிடிக்கவில்லை?

சினை ஊசி ஒரு முறை போட்டாயிற்று. இரண்டாவது முறையும் போட்டாயிற்று. மூன்றாவது முறையும் மாடு சினை பிடிக்கவில்லை.

பால் வற்றிவிட்டது. தீனிச் செலவு மட்டும் குறையவில்லை. "இனி இதைக் கட்டி வைத்து என்ன பயன்? சந்தைக்கு ஓட்டிவிடு" என்கிறார் வீட்டுப் பெரியவர். பிள்ளைகள் கண் கலங்குகிறார்கள்.

மலட்டு மாடு என்று முடிவு கட்டுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாடு என்ன தின்கிறது?

வைக்கோல் போதுமா?

நெல் விளையும் ஊர்களில் மாட்டுக்கு வைக்கோல்தான் முக்கியத் தீனி. வைக்கோல் வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் குறைவு. அதில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள், இருக்கிற சுண்ணாம்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாது.

பாலோ சத்தை வாரிக்கொண்டு போகிறது! ஒரு லிட்டர் பாலில் சுமார் 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. 10 லிட்டர் கறந்தால் 12 கிராம் போய்விடும். தீனியில் அது கிடைக்காவிட்டால், மாடு தன் எலும்பில் இருந்து எடுத்துக் கொடுக்கும்.

21 நாள் கணக்கு

பசு சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். அப்போது கத்தும். கண்ணாடி போலக் கோழை ஒழுகும். மணிச்சத்து, தாமிரம், துத்தநாகம் போன்றவை குறைந்தால் இந்த அடையாளங்கள் மங்கிவிடலாம். இதை "ஊமைப் பருவம்" என்பார்கள். ஒரு பருவம் தவறினால் மேலும் 21 நாள் வீண்!

மடிக்குக் காவல்

பால் காம்பின் துவாரத்தைக் காக்கும் தோல் உறுதியாக இருக்கத் துத்தநாகம் தேவை. கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களுக்குச் செலினியம் தேவை. கன்று போட்டபின் நஞ்சுக்கொடி தங்காமல் விழவும் அது உதவும்.

ஆனாலும் மடி நோயைக் கொடுப்பது கிருமிதான். தொழுவம் சுத்தமாக இருக்க வேண்டும். கறந்த பிறகு அரை மணி நேரமாவது காம்புத் துவாரம் திறந்திருக்கும். அப்போது மாடு தரையில் படுக்கக்கூடாது. கறந்ததும் தீனி வைத்தால் நின்றபடி தின்னும்.

எவ்வளவு கொடுப்பது?

தாது உப்புக் கலவை கடையில் கிடைக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தயாரிக்கிறது. தவிட்டில் கலந்து தினமும் கொடுக்க வேண்டும். சமையல் உப்பு இதற்கு ஈடாகாது. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவை மீறவும் கூடாது. செலினியம் மிஞ்சினால் விஷம்!

கன்று போட்ட மாடு எழுந்திருக்க முடியாமல், கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்தால் அது பால் காய்ச்சலாக இருக்கலாம். உடனே கால்நடை டாக்டரை அழைக்க வேண்டும். தாமதித்தால் உயிர் போகும். சுண்ணாம்புச் சத்து ஊசி நரம்பில் ஏறியதும் பல மாடுகள் எழுந்து நின்றுவிடும்.

கலவை கொடுத்த மறுநாளே சினை பிடித்துவிடாது. சில மாதங்கள் விடாமல் கொடுக்க வேண்டும். பூச்சி மருந்தும் கொடுக்க வேண்டும். கருப்பையில் கோளாறு உண்டா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

சந்தைக்கு ஓட்டுவதை அதன் பிறகு யோசிக்கலாம்.