சோல், நூபே, யூவியா... ஸ்பானிஷில் வானிலை பேசலாம் வாங்க!

மொபைலில் ஸ்பானிஷ் ஆப் இறக்கி ரெண்டு மூணு வாரம் ஆயிடுச்சா? அப்போ வானிலைச் சொற்கள் கண்ணில் பட்டிருக்கும். சோல் என்றால் சூரியன், நூபே மேகம், யூவியா மழை, பியென்த்தோ காற்று, நியெவே பனி. இதையெல்லாம் மனப்பாடம் பண்றது பெரிய கஷ்டமில்லை. 'மேகமூட்டமான வானம்', 'மழை அதிகமுள்ள ஊர்' என்று சொல்லப்போகும்போதுதான் நாக்கு சுளுக்கிக்கும்.

ஸ்பானிஷில் இதற்கு முக்கியமாக ரெண்டு வால்கள் உண்டு. ஒன்று 'ஓசோ', இன்னொன்று 'ஆதோ'. அந்த 'தோ'வை 'டோ'ன்னு அழுத்தாதீங்க. 'அது' என்று சொல்லும்போது நம்ம வாயில் வருகிற மெல்லிய 'த'தான் அங்கே வேணும். இந்த விஷயத்தில் தமிழ் பேசுறவங்களுக்கு ஃப்ரீயா ஒரு மார்க்!

முதலில் ஓசோ. 'நிறைய இருக்கிற' என்று அர்த்தம். யூவியா என்ற மழை யுவியோசோ ஆகும். நூபே நுபோசோ ஆகும். தோர்மென்த்தா, அதாவது இடிமின்னலோடு வரும் புயல்மழை, தோர்மென்த்தோசோ ஆகும். புதுசா இருக்கேன்னு யோசிக்க வேண்டாம். ஆங்கிலத்தில் ஃபேமஸ், டேஞ்சரஸ் என்று முடிகிற 'அஸ்' இதே லத்தீன் வாலில் இருந்து வந்ததுதான். லத்தீன் அமெரிக்காவில் 'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' படத்தின் பெயரே 'ராப்பிதோ இ ஃபுரியோசோ'. ஃபுரியா என்றால் கோபம், அது நிறைந்தவன் ஃபுரியோசோ. மழைக்கும் அதே கணக்கு.

அடுத்தது ஆதோ. இது பெரும்பாலும் வினைச்சொல்லில் இருந்து வருவது. 'நுப்லார்' என்றால் மேகம் மூடுதல். மூடி முடித்த நிலை நுப்லாதோ. வெயில் பட்டுக் கிடக்கும் நாள் சோலெயாதோ. பனி விழுந்து போர்த்திய இடம் நெவாதோ. ஓசோ ஒரு இடத்தில் என்ன நிறைந்திருக்கு என்று சொல்லும். ஆதோ அந்த இடத்துக்கு என்ன நடந்திருக்கு என்று சொல்லும்.

இந்த வித்தியாசம் புரிந்தால் வாக்கியமும் தானா சரியா வரும். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் கலிசியா மழைக்குப் பேர்போனது. அது அந்த ஊரின் குணம். அதனால் 'கலிசியா எஸ் யுவியோசா'. (ஊர் பெண்பால் என்பதால் ஓசோ இங்கே ஓசா.) இன்னைக்கு வானம் மூடிக்கிடக்கு என்பது குணம் இல்லை, இப்போதைய நிலை. அதற்கு 'எஸ்த்தா நுப்லாதோ'. இங்கே 'எஸ்' போட்டால் வானத்துக்குப் பிறவியிலேயே மேகமூட்டம் என்கிற மாதிரி விநோதமா ஒலிக்கும்.

வரைபடத்திலும் இந்த ஆதோ ஒளிந்திருக்கு. ஸ்பெயினில் கிரனாடா பக்கம் 3,400 மீட்டருக்கு மேல் எழும் மலைத்தொடர் சியெர்ரா நெவாதா, அதாவது பனி போர்த்திய மலைத்தொடர். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துக்கும் இந்தச் சொல்தான் பெயர். கொலம்பியாவில் 1985இல் வெடித்துப் பேரழிவு செய்த எரிமலை நெவாதோ தெல் ருயிஸ். உச்சியில் பனி, உள்ளே நெருப்பு!

ஒண்ணு கவனிச்சீங்களா? பனி 'நியெவே'. ஆனால் பனி போர்த்தியது 'நியெவாதோ' ஆகலை, 'நெவாதோ' ஆச்சு. நடுவில் இருந்த 'யெ' எங்கே போச்சு? பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஸ்பானிஷில் அழுத்தம் விழும் இடத்தில்தான் பல சொற்களில் 'எ' விரிந்து 'இயெ' ஆகும். வால் ஒட்டியதும் அழுத்தம் வாலுக்குத் தாவிடும். அழுத்தம் போனதும் 'இயெ' சுருங்கிப் பழையபடி 'எ' ஆகும். அதனால்தான் பியென்த்தோ பென்த்தோசோ ஆகுது, குளிர்காலமான இம்பியெர்னோ இம்பெர்னால் ஆகுது. வானம் சியெலோ, வானநீலம் செலெஸ்தே. மெஸ்ஸியின் அர்ஜென்டினா அணியை 'அல்பிசெலெஸ்தே' என்று கூப்பிடுறாங்களே, வெள்ளையும் வானநீலமும், அந்த செலெஸ்தேதான் இது. மரம் என்ற சொல்லோடு 'ஐ' சேர்ந்தால் 'மரமை' என்று நாம் சொல்றதில்லையே, மரத்தை என்றுதானே வருது! காரணம் வேறு, ஆனால் ஒட்டும்போது சொல் உருமாறுவது நமக்குப் பழகின சமாச்சாரம்தான்.

சரி, இதெல்லாம் எங்கே உதவும்? மேற்படிப்புக்கோ வேலைக்கோ ஸ்பெயின் போனால், முதல் வாரமே வானிலை ஆப்பில் உதவும். அந்நாட்டு அரசின் வானிலை அமைப்பான ஆயெமெத், வானத்தைச் சொல்ல ஓசோவையே அதிகம் பயன்படுத்தும். 'போக்கோ நுபோசோ' என்று பார்த்ததும் பீச் பிளானைக் கேன்சல் பண்ணிடாதீங்க. போக்கோ என்றால் 'குறைவாக'. மேகம் பெரிசா இல்லை, தாராளமா கிளம்பலாம். 'மூய் நுபோசோ' என்றால் மேகம் ரொம்பவே இருக்கு. 'குபியெர்த்தோ' என்றால் துண்டு நீலம்கூடத் தெரியாமல் முழுசா மூடியாச்சு. 'தெஸ்பெஹாதோ'வில் அதே ஆதோ வால் இருந்தாலும் கதை நேர் எதிர். தடையெல்லாம் விலக்கப்பட்ட, தெளிந்த வானம்.

ஆனால் பேச்சில் எல்லாவற்றுக்கும் வால் ஒட்டிக்கிட்டு இருக்க மாட்டாங்க. காற்று பலமா அடிச்சா 'ஆசே பியென்த்தோ', மூடுபனி இறங்கினா 'ஐ நியெப்லா'. பெயர்ச்சொல்லே போதும். பென்த்தோசோ சரியான சொல்தான், இருந்தாலும் வாய்ப்பேச்சில் குறைவு. அதன் நெருங்கிய சொந்தக்காரரான 'பென்த்தோசிதாத்' வயிற்றுவாயுவைக் குறிக்கும் என்பதால், அந்தக் குடும்பத்தோடு கொஞ்சம் ஜாக்கிரதையாவே பழகுங்க.

அதைவிடப் பெரிய ஆபத்து வெப்பத்தில் இருக்கு. கலோர் என்றால் வெப்பம். சூடான காபிக்கும் தண்ணிக்கும் கலியென்த்தே. நாளைச் சொல்ல கலுரோசோ. (இங்கே 'ஓ' ஏன் 'உ' ஆச்சுன்னு கேட்காதீங்க, அப்படியே மனப்பாடம்தான்.) உங்களுக்குப் புழுங்குதுன்னா 'தெங்கோ கலோர்', அதாவது 'எனக்கு வெப்பம் இருக்கு'. ஆங்கிலத்தை அப்படியே மாற்றி 'எஸ்தோய் கலியென்த்தே' என்று சொல்லிட்டீங்கன்னா, காமம் தலைக்கேறியிருக்கு என்று அர்த்தம் ஆயிடும். ஆபீஸில் ஏசியைக் கூட்டச் சொல்லப்போய் இப்படி உளறினால் நிலைமை என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க!

குளிருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஃப்ரீயோ என்பதே பெயர்ச்சொல், அதுவே பெயரடை. ஓசோவும் வேண்டாம், ஆதோவும் வேண்டாம். ஆனால் ஃபேனை ரெண்டில் வைத்தாலே போர்வையைத் தேடும் ஆட்கள் ஒவ்வொரு ஹாஸ்டல் ரூமிலும் இருப்பாங்களே, அவங்களுக்கென்றே தனிச்சொல் உண்டு. ஸ்பெயினில் ஃப்ரியோலேரோ, லத்தீன் அமெரிக்காவில் ஃப்ரியோலென்த்தோ. உங்க ரூம்மேட் பெண்ணாக இருந்தால் ஃப்ரியோலேரா.