செயற்கைக்கோள் ஆடியும் செராமிக் பொருளும்

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவோர்க்குக் காவிரியும், அதற்கப்பால் ஸ்ரீரங்கத் தீவும், கொள்ளிடமும் தோன்றும். இத்தீவின் தலைப்பாகிய முக்கொம்பில், 1836இல் கட்டப்பட்ட மேலணையின் கொள்ளிடப் பகுதியிலிருந்த 45 மதகுகளுள் 9 மதகுகள் 2018 ஆகஸ்டு 22 இரவு வெள்ளத்தில் வீழ்ந்தன. பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சில சரிந்ததும் அதே மாதத்தில்தான். இத்தகைய கட்டுமானங்களை விண்ணிலிருந்து எவ்வளவு நுட்பமாகக் காணலாம் என்பதைப் பெரிதும் நிர்ணயிப்பது செயற்கைக்கோளினுள் இருக்கும் ஆடியாகும்.

2005இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 எடுத்த படத்தில் ஒரு புள்ளி 2.5 மீட்டர் நிலத்தைக் குறித்தது. 2019இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-3இல் அது 25 சென்டிமீட்டர். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இவ்வளவு நுட்பம் வேண்டுமாயின், ஒளியின் இயல்பே ஒரு மீட்டருக்கு மேற்பட்ட ஆடியைக் கோருகிறது. கார்ட்டோசாட்-3இன் ஆடி 1.2 மீட்டர் அகலமுடையது.

குழியாடியின் வளைவு பரவளைய வடிவில் அமைந்தால் இணைகதிர்கள் ஒரே புள்ளியில் குவியும் என்பதை, எரிக்கும் ஆடிகளைப் பற்றிய தமது நூலில் இப்னுல் ஹைஸம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே விளக்கினார். இன்றைய சிக்கல் வடிவம் எது என்பதன்று, அவ்வடிவம் குலையாதிருப்பதே. கனத்த கண்ணாடி புவியில் தன் எடையாலேயே வளைகிறது. எடையற்ற விண்ணில் அவ்வளைவு நீங்கி, வடிவம் மாறுகிறது. அன்றியும் ராக்கெட்டில் ஒவ்வொரு கிலோவும் சுமையே. எனவே ஆடியின் பின்புறத்தைத் தேனடைபோல் குடைந்து எடையைக் குறைக்கின்றனர்.

நெடுங்காலமாகக் கையாளப்படுவது, வெப்பத்தால் அநேகமாக விரிவடையாத கண்ணாடிச் செராமிக். சிலிக்கன் கார்பைடு இதற்கு மாறானது: அது சிறிது விரிவடையும், ஆனால் வெப்பத்தை நூறு மடங்கு விரைவாகப் பரப்புவதால் ஆடி முழுதும் ஒரு சீராக விரிந்து, கோணாமல் நிற்கும். விறைப்பும் நான்கு மடங்குக்கு மேல். ஆகவே மெல்லிய விலா எலும்புகளே போதும். 2009இல் ஏவப்பட்ட ஐரோப்பிய ஹெர்ஷல் தொலைநோக்கியின் 3.5 மீட்டர் ஆடி இப்பொருளின் 12 துண்டுகளை இணைத்துச் செய்யப்பட்டதே.

கலப்பு வகையில் கார்பன் இழைக் கட்டியை முதலில் குடைந்து, அதனுள் உருகிய சிலிக்கனை ஊறவிடுவர். கார்பனும் சிலிக்கனும் கூடிச் செராமிக்காகின்றன. சூளையில் மண்கலம் சுருங்குவதுபோல் இது சுருங்குவதில்லை. ஆனால் மேற்பரப்பில் இழையும் சிலிக்கனும் விரவியிருப்பதால் மெருகு சீராக ஏறாது. அதற்காக வாயுநிலையிலிருந்து தூய சிலிக்கன் கார்பைடைப் படலமாகப் படியவைத்து மெருகேற்றுகின்றனர். ஹைதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம் இத்தகைய படலப் பூச்சில் உழைத்துள்ளது.

இத்தனைக்குப் பின்னரும் 25 சென்டிமீட்டர் புள்ளியில் வீழ்ந்த மதகின் இடைவெளி தெளிவாகத் தெரியும். வீழுமுன் தூணில் ஓடிய மயிரிழை விரிசல் தெரியாது. அதற்குப் படகில் சென்று பார்ப்போர் வேண்டும்.