யாருக்கும் பட்டா இல்லாத அலைவரிசை

புதுச்சேரிக் கடலோரத்துப் பிள்ளைச்சாவடியில் ராத்திரி எட்டு மணிக்கு நெட் இழுத்தால், முதல் திட்டு இணைப்புக் கொடுத்த கம்பெனிக்குத்தான். கூடுதல் பணம் கட்டி வேகமான பிளானுக்கு மாறியும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். பல வீடுகளில் தெருவிலிருந்து வரும் கேபிள் சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது, இல்லாவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

வைஃபை, ப்ளூடூத் ஹெட்செட், வயர்லெஸ் மவுஸ், வாசல் கேமரா, ஸ்மார்ட் பல்பு, மைக்ரோவேவ் அடுப்பு என எல்லாமே பெரும்பாலும் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஒரே பட்டையில் நெருக்கியடித்துக்கொண்டு இயங்குகின்றன. 1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச வானொலி மாநாட்டில், தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதி இது. தகவல் தொடர்புக்கும் இதை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா 1985-ல் அனுமதித்தது. இந்திய அரசின் உரிம விலக்கு அறிவிக்கை 2005 ஜனவரியில் வந்தது. அதன் நிபந்தனை முக்கியமானது: பிறருக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது, பிறரால் இடைஞ்சல் வந்தால் பாதுகாப்புக் கேட்கவும் முடியாது.

கடலோரத்துக்காரர்களுக்கு இது பழகிய ஏற்பாடுதான். படகை ஏற்றி வைக்கும் கரைமணலுக்குத் தனியாள் பட்டா கிடையாது. ஆனாலும் அடுத்தவர் வலை காயப்போட இடம் விட்டுத்தான் படகை நிறுத்துகிறார்கள். கடல் அரித்து மணல் சுருங்கச் சுருங்க, அந்த ஒழுங்கு இன்னும் அவசியமாகிறது.

மைக்ரோவேவ் சங்கதிக்கு வருவோம். அதற்குள் இருக்கும் மேக்னட்ரான் 2450 மெகாஹெர்ட்ஸை ஒட்டி நூற்றுக்கணக்கான வாட் சக்தியைக் கொட்டுகிறது. ரூட்டர் அனுப்புவதோ சுமார் 0.1 வாட். கதவிடுக்கில் கசிவது உடம்புக்குக் கெடுதல் இல்லாத அளவுதான். ரூட்டரின் மெல்லிய குரலை அமுக்க அது போதும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த அடுப்புகளில் மேக்னட்ரான் நொடிக்கு 50 தடவை விழித்து அணைகிறது. அணைந்திருக்கும் சுமார் 10 மில்லிநொடி இடைவெளியில் வைஃபை கொஞ்சம் தகவலைக் கடத்திவிடும். சாம்பார் சூடாகும்போது நெட் அடியோடு நின்றுபோகாமல் திக்கித் திக்கி ஓடுவது இதனால்தான்.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது புரியாத துடிப்புகள் பதிவாகி வந்தன. வானியலாளர் எமிலி பெட்ராஃப் குழு 2015-ல் காரணத்தைக் கண்டுபிடித்தது: நேரம் முடியுமுன் யாரோ மைக்ரோவேவ் கதவைத் திறந்திருக்கிறார்கள். 64 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கிக்கே இந்தக் கதி.

ஆனால் அடுப்பு ஓடுவது ஐந்து நிமிடம். அக்கம்பக்கத்து ரூட்டர்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. என் கவலையெல்லாம் இதில்தான். மாணவர்கள் சேர்ந்து தங்கும் மாடியில் ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட் வேறு. ரூட்டர் செட்டிங்கில் இந்தப் பட்டைக்குள் 13 சேனல் காட்டும். அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான். வைஃபைக்கு வேண்டியதோ 20. அதனால் ஒன்றோடொன்று மோதாமல் நிற்பவை 1, 6, 11 மூன்றுதான். அங்கெல்லாம் கூட்டம் என்று 3-க்குப் போகிறவர் இருபக்கத்தாரையும் கெடுக்கிறார். ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு, முறை வைத்துப் பேசும். பாதி ஏறி நிற்கும் சேனலின் பேச்சு மற்றதற்கு வெறும் இரைச்சல். 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்தால் பட்டையில் பாதியை ஒரே வீடு அடைத்துக்கொள்கிறது. இதைச் செய்யவே கூடாது.

வைஃபையின் இன்னொரு பட்டையான 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018-ல் அரசு அதை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டது. சுவர் தாண்டுவதில்தான் அது கொஞ்சம் பலவீனம். டிவியும் போனும் லேப்டாப்பும் அங்கே போகட்டும். பல்பும் கேமராவும் பழைய பட்டையிலேயே இருக்கட்டும். அவற்றில் பலவற்றுக்கு வேறு வழியும் இல்லை. ரூட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள்.

மவுஸ் தத்தித் தத்தி நகர்கிறதா? கணினியில் செருகிய அதன் டாங்கிளுக்குப் பக்கத்தில் ஹார்டு டிஸ்க் செருகியிருக்கிறதா பாருங்கள். யுஎஸ்பி 3.0 இணைப்பு மவுஸ் பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளப்புவதை இன்டெல் 2012-ல் விளக்கியிருக்கிறது. டாங்கிளை ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயரில் தள்ளி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முன்பு பொறியியல் கல்லூரியாக இருந்த புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பிள்ளைச்சாவடியில்தான் இருக்கிறது. அங்கே மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகள் போனில் ஒரு இலவச வைஃபை ஆப்பைப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக நடந்து, எந்த வீட்டுப் பக்கம் எந்த சேனலில் நெரிசல் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்து 1, 6, 11-ஐத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். பிளானை மாற்றுமுன் இதைச் செய்து பாருங்கள்.